சங்கிலியின் இரு முனைகள்

இங்கிலாந்தின் றெடிங் நகரில் ஆங்கிலக் கிராமிய வாழ்க்கை நூதனசாலை என்றொரு நிறுவனம் உண்டு. கலப்பை, வண்டி, வெண்ணெய் கடையும் பாத்திரம் என உழவர் கைவிட்டவற்றையெல்லாம் திரட்டிப் பேணுவது அதன் பணி. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அங்குப் பணிபுரிவோர் ஒருவர், பழைய எலிப்பொறி ஒன்றினுள், பொருட்பட்டியலிற் குறிக்கப்பெறாத எலியொன்று இறந்து கிடக்கக் கண்டார். சசெக்சுப் பகுதியின் செல்சி என்னும் ஊரில், கொலின் புலிங்கர் என்பவரின் பட்டறையிற் செய்யப்பட்ட பொறி அது. 1861இல் காப்புரிமை பெற்றது. ஓர் ஆயுட்காலம் நிலைக்கும் என்பது அதன் விளம்பர வாசகம். இரை வைத்தார் எவருமில்லை; எலி பிடிக்க வேண்டுமென எண்ணினாருமில்லை. பொறியைச் செய்தவர் மண்ணோடு மண்ணாகி நெடுங்காலம் ஆயிற்று. பொறி மட்டும் தன் தொழிலை மறந்திருக்கவில்லை.

செய்தித்தாள்கள் இதனை வேடிக்கையாக வெளியிட்டன. நாமும் முதலிற் சிரிக்கவே செய்தோம். பின்னர்ச் சிரிப்பு அடங்கியவிடத்து ஒரு கேள்வி எஞ்சியது. பயன் நீங்கிய கருவியே பழம்பொருள் என்பது எமது பொதுவான எண்ணம். அரிவாள் சுவரில் மாட்டப்பட்டதும் அலங்காரமாகின்றது. செக்கு முற்றத்தில் நிறுத்தப்பட்டதும் நினைவுச் சின்னமாகின்றது. ஆயின் பொறியின் பயன் எப்போது நீங்குகின்றது? கோடரி வெட்டுவதற்கு அந்தக் கணத்தில் ஒரு கை வேண்டும். கத்திக்கும் அவ்வாறே. பொறியோ வைத்தவன் உறங்கும்போதே தொழிலாற்றுவது. அவன் இல்லாமையே அதன் சிறப்பு. இல்லாத ஒருவனின் எண்ணத்தை இரும்பிலே நிறுத்திவைத்த கருவி அது. அத்தகைய கருவியைச் சேகரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, கண்ணாடிப் பேழையில் வைப்பவனுடைய பொறுப்பு யாது என்பதே ஈண்டு நாம் ஆராய விழைவது.

வட அமெரிக்காவிலே பழைய விலங்குப் பொறிகளைச் சேகரிப்போர் பலர் உளர். அவர்களுக்கெனச் சங்கமும் உண்டு. தபால்தலை சேர்ப்பாரின் நுணுக்கத்திற்கு இவர்களுடைய நுணுக்கம் சிறிதும் குறைந்ததன்று. உருக்குப் பொறி ஒன்று கைக்கு வந்தால், அதன் தாடைகள் இரண்டும் ஒரே காலத்தனவா, விலங்கு மிதிக்கும் தட்டு பிற்காலத்து ஒட்டா, வில்லின்மேற் பதித்த பெயர் தேய்ந்துள்ளதா, சங்கிலி அதற்கே உரியதா, சங்கிலியின் நடுவிலுள்ள சுழல்வளையமும் முனையிலுள்ள பெருவளையமும் அசலா என ஒவ்வொன்றாக ஆராய்வர். சங்கிலி இழந்த பொறிக்கு மதிப்புக் குறைவு. அசல் உறுப்புகள் அனைத்தும் கூடியதே 'முழுமையான' பொறி. இதனால் போலிகளும் மலிந்துள்ளன. நேற்று வார்த்த கரடிப் பொறிக்குத் துருவேற்றி நூறாண்டுக் கதை கற்பிக்கும் கைத்தொழிலும் உண்டு. போலியை வெறுத்து அசலை நாடும் இந்த ஆர்வத்தை நாம் ஏளனஞ் செய்வதற்கில்லை. அதுவும் ஒருவகை உண்மை நாட்டமே. ஆனால் எவ்வளவு தூரம் செல்லும் உண்மை நாட்டம்? சங்கிலியின் கடைசி வளையத்தோடு அது நின்றுவிடுகின்றது.

அந்த உறுப்புகளையே சற்று உற்று நோக்குவோம். பொறியின் சங்கிலியில் சுழல்வளையம் எதற்கு? கால் அகப்பட்ட விலங்கு சும்மா நிற்பதில்லை. தன்னைத்தானே சுற்றிச் சுழன்று, சங்கிலியை முறுக்கேற்றி அறுக்க முயலும். முறுக்கேறாதிருக்கவே சுழல்வளையம். முனையிலுள்ள பெருவளையத்தை அசையாத முளையிற் பூட்டாது, இழுபடக்கூடிய கனமான மரத்துண்டிற் பூட்டும் வழக்கம் எதற்கு? ஊன்றிய முளையிற் பூட்டினால் வலிமிக்க விலங்கு முழுவிசையோடு இழுத்துக் காலைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மரத்துண்டாயின் இழுத்து இழுத்தே களைத்து வீழும். நீர்க்கரையில் வைக்கும் பொறியின் வளையத்தைச் சரிந்த கழியொன்றிற் கோத்து, ஆழத்தை நோக்கி வழுக்கவிடுவர். அகப்பட்ட பீவர் நீருள் ஓடும், மீண்டு மேலே வர இயலாது மூழ்கும். தன் காலைத் தானே கடித்தறுத்துத் தப்பிய விலங்குகள் பலவாதலின், அதற்கு மாற்றாக எழுந்த ஏற்பாடு அது. இவையெல்லாம் பொறிக்காரருக்கான பழைய கையேடுகளில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட செய்திகள்.

ஆகவே சேகரிப்போன் 'அசல் உறுப்பு' என்று விலைகொடுத்து வாங்கும் ஒவ்வொன்றும், பெயரறியா விலங்கொன்றின் எதிர்ப்புக்குக் கொல்லன் அளித்த மறுமொழியாகும். விலங்கு சுழன்றது, வளையம் பிறந்தது. விலங்கு இழுத்தது, மரத்துண்டு வந்தது. அந்த இரும்பிலே கொல்லனின் அறிவு மட்டுமன்றி, தப்பிவிட முயன்ற உயிரின் அறிவும் பதிந்துள்ளது. போலிப் பொறிக்கு இல்லாதது துருவன்று, இதுதான். அசலை நாடுவோனுடைய உள்ளுணர்வு சரியானதே. தான் நாடுவது இன்னதென்பதை அவன் அறியாதிருப்பதே எமது முறைப்பாடு. (தாடையை அமுக்கிப் பிடித்துத் தட்டின் விளிம்பில் மயிரிழையளவு பற்றி நிற்கும் சிறு நெம்பினை ஆங்கிலக் கொல்லர் 'நாய்' என்றே அழைத்தனர். காவல் செய்யும் உயிரின் பெயரைக் கொல்லும் கருவியின் உறுப்புக்கு இட்டது அவர்களுக்கு விநோதமாய்த் தோன்றவில்லைப் போலும்.)

இனிச் சங்கிலியின் மற்றை முனைக்கு வருவோம். சேகரிப்போர் பெரிதும் போற்றும் பெயர் சூவெல் நியூஹவுஸ் என்பது. நியூயோர்க் மாநிலத்து ஒனைடாப் பகுதியில், 1820களிலேயே கைத்தொழிலாகப் பொறி செய்யத் தொடங்கியவர் அவர். 1848இல் ஜோன் ஹம்ப்றி நொய்ஸ் என்னும் மதச் சீர்திருத்தக்காரர் அப்பகுதியில் ஒரு சமுதாயத்தை நிறுவினார். தனியுடைமை அங்கில்லை, உணவும் உழைப்பும் குழந்தை வளர்ப்பும் பொதுவாயின. நியூஹவுசும் அதிற் சேர்ந்தார். வில்லுக்குப் பதமேற்றும் மறைபொருளைச் சிலகாலம் தம்முள்ளேயே வைத்திருந்த அவர், பின்னர் அதனைச் சமுதாயத்திற்கு அளித்தார். கைத்தொழில் ஆலைத்தொழிலாயிற்று. ஹட்சன் குடாக் கொம்பனி முதலிய பெரும் மயிர்த்தோல் வணிகர் அவற்றை வாங்கினர். ஆண்டுக்கு இலட்சக்கணக்கான பொறிகள் வெளிவந்தன: சிறு கொறிணிக்கு ஒன்று, நரிக்கு ஒன்று, பீவருக்கு ஒன்று, முடிவில் 42 இறாத்தல் எடையும் 16 அங்குலம் விரியும் தாடையுங் கொண்ட பெருங்கரடிப் பொறி.

பொதுவுடைமை விரும்பும் எம் போன்றோர்க்கு இவ்வரலாறு இனிப்பும் கசப்புமாக இருப்பது இயல்பே. மனிதர் சகோதரராய் வாழ்தல் கூடும் என்பதனை முப்பதாண்டுக்கு மேலாக நடைமுறையிற் காட்டிய ஒரு கூட்டம், தன் பொது அடுப்பை எரித்தது பொறி விற்ற பணத்தினாலே. சமுதாயத்துச் சிறுவர் நாள்தோறும் சிறிது நேரம் பொறிச் சங்கிலிகளைக் கோக்கும் வேலை செய்தனர் என்பதனை, நொய்சின் மகன் பியர்பொண்ட் 1937இல் வெளியிட்ட நினைவுநூலால் அறிகின்றோம். வேலை பெருகப் பெருக, வெளியாரைக் கூலிக்கு அமர்த்தவும் நேர்ந்தது. உள்ளே உடைமை பொது. வாயிலுக்கு வெளியே கூலி. 1881ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சமுதாயம் கலைந்து பங்குக் கொம்பனியாகியது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் பல. மண வாழ்க்கை பற்றிய அவர்களது புதுமைகளை ஊரார் எதிர்த்தமை அவற்றுள் ஒன்று. எனினும் அச்சமுதாயத்தினர் மனிதரோடு மனிதர்க்குள்ள உறவைத் திருத்த முயன்றபோது, தமது வாழ்வு தொலைவிலுள்ள காடுகளை வெறுமையாக்குவதன் மேல் நிற்கின்றதென்பதைக் கணக்கிற் கொள்ளவில்லை என்றே கூறவேண்டும். அவர்கள் தீயவரல்லர். பொறி அகப்படுத்தும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. அவ்வளவே.

இங்கிலாந்தில் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர், அந்நாளில் ஸ்டபோர்ட்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்திருந்த வெட்ன்ஸ்பீல்ட். உலகெங்கும் அதன் பொறிகள் ஏற்றுமதியாயின. அதனை அடுத்துள்ள வில்லன்ஹோல் பூட்டுச் செய்வோரின் ஊர்; இரண்டும் இரும்பை அராவியே உயிர்வாழ்ந்தன. 1845இல் வெளியான எங்கெல்சின் நூலில், சிறுவர் தொழில் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கையைக் கொண்டு, வில்லன்ஹோல் தொழிலாளரின் உடல் கோணிய வகை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஓயாது ஒரே நிலையில் நின்று அராவியதால் அவர்களின் கால் வளைந்தது. முதுகு கூனியோர் அவ்வூரில் மலிந்திருந்தமையால் அயலார் அதற்குக் கூனூர் என்னும் பொருள்படப் பட்டப்பெயரும் இட்டனர். பொறியில் அகப்பட்ட கால் ஒன்று. உலோகத்தை அராவி வளைந்த கால் மற்றொன்று. பண்டம் சந்தைக்கு வந்ததும் இவ்விரண்டும் மறைந்து இரும்பின் மினுக்கம் மட்டுமே தெரிகின்றது. மனிதரின் உறவுகள் பொருள்களின் உறவுகளாய்த் தோற்றமளிக்கும் மாயம் பற்றி மார்க்ஸ் எழுதியது இதனையே. பழம்பொருட் சந்தையோ அதே பண்டத்தை இரண்டாம் முறை விற்கின்றது. முதல் விற்பனையில் உழைப்பு மறைந்தது. இரண்டாவதில் பயனும் மறைந்தது. எஞ்சியது 'அழகு'.

அக்காலத்தவர் கொடுமையை அறியாதிருந்தனர் என்று சமாதானங் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. 1863இலேயே சார்ள்ஸ் டார்வினும் அவர் மனைவி எம்மாவும், பல்லுடைய உருக்குப் பொறியில் இரவு முழுதும் கிடந்து துடிக்கும் உயிரின் வேதனையை எடுத்துரைத்து வேண்டுகோள் வெளியிட்டனர். வேதனை குறைந்த பொறி செய்வோர்க்குப் பரிசளிக்கப் பணமும் திரட்டப்பட்டது. ஆயினும் இங்கிலாந்தில் அப்பொறி சட்டத்தால் நீங்கியது 1958இல், ஸ்கொட்லாந்திலோ 1973இல். அமெரிக்காவின் பல மாநிலங்களில் தாடைப் பொறி இன்றும் சட்டத்திற்கு உட்பட்டதே. அறியாமை அன்று, அறிந்தபின் கழிந்த நூறாண்டே இங்கு வினாவுக்குரியது.

விலங்கின் பொருட்டு இரங்காதாரும் இரங்கத்தக்க பொறியொன்று உண்டு. அது மனிதப் பொறி. பண்ணைக் காடுகளில் முயலும் பறவையும் திருட வரும் ஏழைகளுக்கென, பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலப்பிரபுக்கள் வைத்தது. விலங்குப் பொறியின் வடிவே; அளவுதான் பெரிது. பல்லில்லாது செய்யப்பட்டவற்றுக்கு 'மனிதாபிமானப் பொறி' என்று பெயர் வேறு! அதனோடு, கம்பி இடறினால் வெடிக்கும் பொறித்துப்பாக்கியும் இருந்தது. 1825இல் பிறிஸ்ரல் நகரையடுத்துத் தன் ரியுலிப் பூந்தோட்டத்தில் ஒருவன் எச்சரிக்கைப் பலகையுமின்றி அத்தகைய துப்பாக்கியை அமைத்திருந்தான். அயல்வீட்டு மயில் அதனுட் புகுந்தது. அதனைப் பிடித்துக் கொடுக்கச் சென்ற பத்தொன்பது வயது இளைஞனின் முழங்காலிற் குண்டு பாய்ந்தது. கள்வனுக்கு வைத்தது உதவ வந்தவனை வீழ்த்தியது. 1827இல், இரவில் வீட்டினுட் காவலுக்கு வைப்பதை மட்டும் விலக்கி, இவ்வகைப் பொறிகளைச் சட்டம் தடைசெய்தது. மறு ஆண்டு நீதிமன்றமும் அவ்விளைஞனின் பக்கமே தீர்ப்பளித்தது.

இன்று அம்மனிதப் பொறிகள் உயர்விலைப் பழம்பொருள்கள். அவற்றிலும் போலிகள் மிகுதி. ஒருவன் தன் விருந்தறையிலே அதனை மாட்டிவைத்து விருந்தினருக்குக் காட்டி மகிழ்வது எமக்கு அருவருப்பைத் தருகின்றது. ஆனால் அவற்றையெல்லாம் 1827இலேயே உருக்கிவிட்டிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? பண்ணை வாழ்வின் பொற்காலம் பற்றிப் பாடுவோர்க்கு மிகவும் வசதியாயிருந்திருக்கும். உருக்கிவிடுக என்போரின் கருணையை நாம் மதிக்கின்றோம். எனினும் அவர்களோடு உடன்பட முடியவில்லை. ஏனெனில் ஆளும் வர்க்கம் தன் ஓவியங்களைத் தானே பேணிக்கொள்ளும். தன் பொறிகளைப் பேணாது. அவற்றைத் துருவிலிருந்து காத்தவர், தம் நோக்கம் வேறாயினும், இந்தச் சேகரிப்போரே. வெறும் இரும்புதானே, கைவண்ணத்தை மட்டும் பாருங்கள் என்போரோடும் எமக்கு உடன்பாடில்லை. நன்கு செய்யப்பட்ட பொறியின் கைவண்ணம் என்பது யாது? தவறாது பிடித்தலே. பிடிபடுவதை விலக்கிவிட்டு அதன் நேர்த்தியைப் பேசுவது, பொருளை விலக்கிவிட்டுச் செய்யுளின் ஓசையை மட்டும் போற்றும் எம் பழம் புலவர் சிலரின் இரசனையையே ஒக்கும்.

நிற்க. பொறி என்னும் சொல்லே எமது மொழியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இயந்திரமும் பொறி, கண்ணியும் பொறி, கண்ணும் செவியும் பொறி, பதித்த இலச்சினையும் பொறி. சங்க நூல்களிலே 'அடார்' எனப்படும் கற்பொறி வருகின்றது. பெரிய கற்பலகையைச் சாய்த்து, அதனைச் சிறு பொறியில் நிறுத்தி, கீழே இரை வைப்பர். நற்றிணைப் பாடலொன்றிலே, தினையுண்ணும் காட்டுப்பன்றிக்கெனப் புனத்து உழவன் மாட்டிய அடாரிலே புலி அகப்படுகின்றது. மலையகப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பிற்கு அப்பாடலை நாம் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த அடார் இப்ப எங்கயாவது நூதனசாலையில இருக்கா, சேர்?" என்று கேட்டான். இல்லை என்றோம். இருத்தற்கும் வழியில்லை, சிறு பொறி உக்கிப்போயிருக்கும், கல் மீண்டும் கல்லாகியிருக்கும். பெயர் பதித்த வில்லும் எண் இட்ட தட்டும் உள்ள பொறிகளே சேகரிக்கப்படுவன. ஏழை உழவனின் பொறிக்கு இலச்சினை இல்லை.

அவ்வகுப்பிலிருந்த மாணவருக்கு அப்பாடல் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தியாகத் தோன்றவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டமொன்றின் கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டதையும், வனசீவராசிகள் திணைக்களத்தார் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் சில நாளில் அது இறந்ததையும் அவர்கள் அறிவர். மலையகத்தில் எஞ்சியுள்ள சிறுத்தைகள் மடிவது பெரும்பாலும் இத்தகைய சுருக்குகளில். அவை பெரும்பாலும் வைக்கப்படுவது பன்றிக்கு. நாட்கூலி போதாமல் லயத்தின் பின்னே நாலு பாத்தி போட்டவனின் கிழங்கை ஒரே இரவிற் கிண்டி அழித்துவிடும் பன்றிக்கு. அந்தக் கம்பியை வைத்தவனையும், மயிர்த்தோல் தொப்பிக்காக ஒரு கண்டத்தின் பீவர்களை ஏறக்குறைய ஒழித்த வணிகனையும் ஒரே தராசில் நிறுக்க எம்மால் இயலாது. அதேவேளை, கம்பி இறுகிய கழுத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

பாடம் முடிந்து மாணவர் கலைந்தபின் மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். சிறுத்தை இறந்த செய்தி வந்த கிழமையே தன் தந்தை தமது பாத்தியில் வைத்திருந்த சுருக்கைக் கழற்றிவிட்டதாகவும், பழைய பிறேக் கம்பி அது, கூரைச் சலாகையில் இன்னும் தொங்குவதாகவும் கூறினாள். அதனை எறிந்துவிடலாமா என்பது அவள் கேள்வி. நூதனசாலைகளையும் சேகரிப்போரையும் பற்றி இத்தனையும் எண்ணியிருந்த எமக்கு உடனே விடை வரவில்லை. எறிய வேண்டாம், ஒரு துண்டுக் காகிதத்தில் ஆண்டையும், எதற்கு வைத்தது என்பதையும் எழுதிக் கட்டிவை என்றோம்.

"பன்னிக்குத்தான் சேர் அப்பா வச்சாரு," என்றாள். சற்று நின்று, "மாட்டுனது எங்க நாய். அதையும் எழுதவா?" என்று கேட்டாள்.

எழுதச் சொன்னோம்.